தலை கோணிய ரேசர்

“அண்ணே, ஒரு பக்கம் பிளேடு தூக்கிக்கிட்டு நிக்குதே?” என்றாள் தங்கை.

“எங்க கம்பெனியில கழிச்சுப் போட்ட ரேசர். தலை மட்டும் ஒரு முடியளவு கோணல். சும்மா கிடைச்சா குறை சொல்லக் கூடாது,” என்றான் அண்ணன்.

“அப்பா கன்னத்தைக் கீறிடாதே.”

“கீறினா எந்திரிச்சுத் திட்டவா போறாரு?”

முகம் முழுக்க நுரை பூசி, மெதுவாக இழுத்தான். சில்லென்றிருந்த தாடையில் பிளேடு பட்டுவிட்டது. துண்டால் துடைத்தான். மறுபடியும் சிவப்பாக ஊறியது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

வாசலில் சவப்பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

“உசுரு போயிடுச்சுன்னு டாக்டர் காலையிலேயே சொல்லிட்டாரே,” என்றாள் தங்கை. “செத்தவருக்கு இப்படி ரத்தம் வருமாண்ணே?”

அண்ணன் குனிந்து பார்த்தான். அப்பாவின் மூக்குக்குக் கீழே, நுரையில் ஒரு குமிழி மெல்ல உப்பி உடைந்தது.