படுத்துக்கொண்டு போகும் சீட்டு

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து, போனைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான் குணசீலன். அந்தத் தெருவில் தொட்டிமேல்தான் சிக்னல் ஒழுங்காக நிற்கும். மாமனாரை அமெரிக்காவுக்கு அனுப்ப பிசினஸ் கிளாஸில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான்.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரே உருகிப் போயிருந்தது. "பெத்த புள்ள கூட இப்டி செய்யமாட்டான். மருமவன்னா இவருதான்" என்று எதிர்ச் சாரி டீக்கடை மாணிக்கம்மாள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாசம் பொங்குவதற்குக் காரணம் இருந்தது. மாமனார் புருஷோத்தமன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மகள் வெண்ணிலாவின் வீட்டோடு வந்து தங்கிய நாள் முதல், வீட்டையும் குணசீலனின் ஹார்டுவேர் கடையையும் பஸ்ஸாகவே பாவித்து நடத்தினார்.

விடிந்தால் விசில். மதியம் கடையில் குணசீலன் சற்றுக் கண்ணயர்ந்தால், காதருகே விசில். கால் கிலோ ஆணி வாங்க வந்தவர்கூட, "சில்றய கையில வெச்சிக்கினு வரிசையில வாங்க" என்ற குரலுக்குக் கட்டுப்பட்டார். கல்லாவில் அவர் உட்கார்ந்துவிட்டதால், சொந்தக் கடையில் குணசீலன் நின்றுகொண்டே போகும் பயணியாகிவிட்டான்.

டிக்கெட் விஷயத்தில் மனிதர் இன்னும் மோசம். ஒருமுறை சந்தவாசலில் கல்யாணம். வெண்ணிலா அவசரத்தில் கண்ணமங்கலத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். குடும்பமே சந்தவாசலில் இறங்க, அவர் மட்டும் "டிக்கெட்டு கண்ணமங்கலம்தானே?" என்று கண்ணமங்கலம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் தாலி கட்டி, பந்தியும் முடிந்து, இலையையும் எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு டல்லாஸில் இருக்கும் மகன் இளவழகன், அங்கேயே தங்கிவிட கிரீன் கார்டே வாங்கிவிட்டான். "டிக்கெட்ட மட்டும் நீங்க போட்டுடுங்க மச்சான். அப்புறம் அப்பாவ கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றான் போனில். அந்தக் 'கடைசி வரைக்கும்' குணசீலனுக்கு வெல்லமாய் இனித்தது.

முட்டுக்கட்டை போட்டவர் புருஷோத்தமன்தான். "முப்பது வருசம் நின்னுக்கினே போனவன் நானு. இனிமே படுத்துக்கினு போற சீட்டுன்னாதான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டார்.

படுக்கிற சீட்டின் விலையைப் பார்த்ததும் குணசீலன்தான் படுத்துவிட்டான். பிறகு எழுந்து ஆராய்ச்சியில் இறங்கினான். செவ்வாய்க்கிழமை விலை இறங்கும் என்று யாரோ கிளப்பிவிட, செவ்வாய்தோறும் தொட்டி ஏறினான். தேடுவது யாரென்று கம்பெனிக்காரனுக்குத் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவானாம். அதற்காகப் பெண்டாட்டி போன், பக்கத்து வீட்டுப் போன் என்று மாற்றி மாற்றித் தேடினான். கொழும்பிலிருந்து ஏறினால் மலிவு என்று ஒருநாள் கண்டுபிடித்தான்.

"கொழும்புக்கு எங்கப்பா நீஞ்சிக்கினா போவாரு?" என்றாள் வெண்ணிலா. அந்தத் திட்டம் அத்தோடு போயிற்று.

கடைசியில் வழிகாட்டியவன், வேலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் நண்பன் பாலமுருகன்.

"ஏன்டா ஒன்வேயே தேடிக்கினு கீற? ரிட்டர்ன் போட்டுப் பாரு. இந்த கிளாஸ்ல சில நேரம் போவ வர ரெண்டும் சேத்து, ஒன்வேய வுட கம்மியா வரும்."

"இன்னாடா சொல்ற? ரெண்டு டிக்கெட்டு ஒரு டிக்கெட்ட வுட கம்மியா?"

"ஆமாடா. ஒரு மாசத்துக்குள்ள திரும்புற மாதிரி தேதி போடணும், அவ்ளோதான்."

குணசீலன் போட்டுப் பார்த்தான். தொட்டியிலிருந்து விழப் பார்த்தான். முக்கால்வாசி விலைகூட இல்லை!

"சரிடா, அந்தத் திரும்பி வர்ற டிக்கெட்ட இன்னா பண்றது?"

"வுட்டுடு. ஏன் வரலைன்னு பிளேன்காரன் ஜமுனாமரத்தூருக்கு வந்தா கேக்கப் போறான்?"

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். விமானக் கம்பெனியையே ஏமாற்றிய முதல் மலைக்காரன் தான்தான் என்று குணசீலன் அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

புறப்படும் நாள் வந்தது. வாசலில் கார் நின்றது. தெருவே கூடி சால்வை போர்த்தியது. மாணிக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குணசீலனுக்கும் கண்ணீர் வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"அங்க குளுரும் மாமா, ஒடம்ப பாத்துக்குங்க. எங்கள பத்தியே நெனைக்காதீங்க. அங்கியே நிம்மதியா இருங்க" என்றான்.

புருஷோத்தமன் மூக்குக் கண்ணாடியை மாட்டி, பழைய பழக்கத்தில் டிக்கெட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, மருமகன் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

குணசீலனுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லா, மதியத் தூக்கம், விடியற்காலை எல்லாம் ஒரே நொடியில் அவன் கைக்குத் திரும்பி வந்துவிட்டன.

"எனக்கா மாமா?"

"பத்திரமா வெச்சிருங்க" என்று காரில் ஏறிய மாமனார், ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினார்.

"ரிட்டர்ன் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டீங்களே மாப்ளே, பாதியில எறங்குற ஆளா நான்?"