வெறும் மாமியார் மருமகள் சண்டை

"மாமியார்னா மாமியார்தான்! யார் எப்படிக் கேட்டாலும் இதைத் தவிர வேற ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வரக்கூடாது."

எழுத்தாளரின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார் இயக்குநர். படப்பிடிப்புத் தளம் அமளிதுமளியாக இருந்தது.

"சேனல்லேருந்து ஆள் வர்றது நிச்சயம்தானா?"

"கிளம்பியாச்சாம். நம்ம தொடர்ல வர்ற மாமியார் அச்சு அசலா ஒரு ஆலை முதலாளி மாதிரி இருக்காள்னு எவனோ மேல பத்த வெச்சுட்டான். நீங்க எதையாவது உளறினீங்க, இன்னிக்கே இழுத்து மூடிடுவாங்க. இங்க இருக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

எழுத்தாளர் பொத்தானை மெல்ல விடுவித்துக்கொண்டார். பத்த வைத்தவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய வீடு, கொத்துச்சாவியை இடுப்பை விட்டு இறக்காத மாமியார், மூன்று மருமகள்கள். மருமகள்கள் அடுப்படியில் வெந்து சமைப்பார்கள். மாமியார் எடுத்துப் பரிமாறுவாள். வந்தவர்கள் மாமியாரின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். குடும்பத் தொடர் என்ற போர்வைக்குள் மனிதர் ஒரு முழு ஆலையையே ஒளித்து வைத்திருந்தார்.

இன்றைக்குத்தான் உச்சக்கட்டம். மூன்று மருமகள்களும் சேர்ந்து அடுப்பை அணைக்கப் போகிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகத்தான் நகைத் திருட்டு, ஞாபக மறதி, இரட்டைப் பிறவி என்று எல்லாக் கண்றாவியையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதித் தொலைத்திருந்தார்.

"அதோ, வந்தாச்சு!" என்று கிசுகிசுத்தார் இயக்குநர். "நீங்க பேச்சுக் கொடுத்து இங்கேயே நிறுத்தி வைங்க. அதுக்குள்ள நான் காட்சியை எடுத்துடறேன்." அடுத்த நொடி ஆளைக் காணோம்.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த உடை. கழுத்தில் நீல நாடா, அதில் தொங்கிய அடையாள அட்டை பின்பக்கம் திரும்பியிருந்தது.

"இந்தத் தொடரை எழுதறது நீங்கதானா?"

"ஆமாங்க மேடம். உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த மாமியார் நிஜத்துல யாரு?"

எடுத்த எடுப்பிலேயே கழுத்தில் கத்தி!

"மாமியார்னா மாமியார்தான் மேடம்."

"அப்ப அந்தக் கொத்துச்சாவி?"

"சாவிங்க. பூட்டைத் திறக்கறதுக்கு."

"சின்ன மருமகளை மட்டும் தனியாக் கூப்பிட்டு வளையல் போட்டு விட்டாளே, அது மத்த ரெண்டு பேர்கிட்டேருந்து அவளைப் பிரிக்கத்தானே?"

"கடைக்குட்டி மேல ஒரு பாசம் மேடம். வேற ஒண்ணுமில்ல."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கண்கள் பளபளத்தன. "சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. மருமகளுங்க யாராவது அசந்து போய் உட்கார்ந்தா மாமியார் இருமறாளே? அந்தச் சத்தம் கேட்டதும் அலறிப் புடைச்சுக்கிட்டு எழுந்துடறாங்களே? அது சூப்பர்வைசர் ஊதற விசில்தானே?"

எழுத்தாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த இருமலை இதுவரை ஒரு ஜீவன் கண்டுபிடிக்கவில்லை. 'அந்தம்மாவுக்கு ஒரு கஷாயம் வெச்சுக் கொடுக்கக் கூடாதா?' என்று சொந்த மனைவியே கேட்டிருக்கிறாள். 'ஆமாம், ஆமாம், விசிலேதான்!' என்று துள்ளிக் குதிக்கத் துடித்த நாக்கை அழுத்திக் கடித்துக்கொண்டார்.

"அது நெஞ்சுச் சளி மேடம்."

உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. "அமைதி! ஆக்‌ஷன்!"

பெரிய மருமகளின் குரல் தளமே அதிர ஒலித்தது. "எங்க கை நின்னா இந்த வீட்டுல உலை கொதிக்காது அத்தே!"

"கட்! ஓகே!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "இதைப் போய் வெறும் சண்டைன்னு சொல்றீங்களே! உண்மையைச் சொல்லுங்க. அந்த மூணு பேரும் ஜெயிப்பாங்கன்னு நம்பித்தானே எழுதினீங்க?"

எழுத்தாளர் ஒரு கணம் தளத்தைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு தூக்குகிறவர், ஒப்பனைக்காரம்மா, உடைக்குப் பொத்தான் தைக்கிற கிழவர். எல்லாருடைய வயிறும் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

"என் பேனா மேல சத்தியம் மேடம். வெறும் மாமியார் மருமகள் சண்டைதான். டிவியில வர்றதுக்கெல்லாம் அர்த்தம் தேடலாமா? பார்த்தோமா, சிரிச்சோமான்னு போயிட்டே இருக்கணும்."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எழுத்தாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். காட்சியும் கையில், தொடரும் பத்திரம்! ஜெயித்தாயிற்று.

"அப்ப நாங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம் போல" என்றபடி அவள் கழுத்து நாடாவைச் சரி செய்தாள். அட்டை திரும்பியது. ஏதோ ஒரு ஆயத்த ஆடை ஆலையின் பெயர். அதன் கீழே, சட்டை மடிக்கும் பிரிவு.

"காலையிலேருந்து எங்க பிரிவே வேலையை நிறுத்திட்டு ஆலை வாசல்ல உட்கார்ந்திருக்குங்க. உங்க தொடரைப் பார்த்து வந்த தைரியம்தான். இப்பப் பாதிப் பேருக்கு பயம் வந்துடுச்சு. எங்களை நினைச்சுத்தான் எழுதினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், அசைய மாட்டோம்னாங்க. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் ஓடி வந்தேன். பரவாயில்லீங்க, எழுந்து உள்ள போயிடலாம்னு சொல்லிடறேன்."

அவள் விறுவிறுவென்று வெளியே நடந்தாள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. "நான் சேனல்லேருந்து வர்றேன். இங்க எழுத்தாளர் யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் இறங்கினார்.

"நான்தான் சார்!" என்று கத்தியபடியே அவரைத் தள்ளிவிட்டுத் தெருவில் ஓடினார் எழுத்தாளர். "ஏம்மா, நில்லும்மா! அது சளி இல்லம்மா, விசில்தான்!"