ஆளுள்ள

ஜெனோவா அந்த வாலிபால் அணியில் சேர்ந்த முதல் வாரமே கோச் அவளுடைய கிதாரைப் பார்த்துவிட்டார். "பாட்டா, பந்தா? ஒண்ணச் சொல்லும்மா" என்றார். அரசு வேலை அணியோடு சேர்ந்து வந்தது. "பந்துதான் சார்" என்று சொல்லிவிட்டு கிதாரை ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

பதினோரு வருஷம் வலையருகே நின்று, மற்றவர்கள் அடிப்பதற்காகப் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் எல்லோரும் படத்துக்குப் போனபிறகு, பந்துகள் போட்டுவைக்கும் அறையில் உட்கார்ந்து செல்போனிலேயே மெட்டமைத்துப் பாடுவாள். வேறொரு பெயரில் இணையத்தில் போடுவாள். இந்த வருஷம் அதில் ஒரு பாட்டு எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது.

அரையிறுதியில் ஜெயித்துத் திரும்பும்போது பஸ்ஸில் கேப்டன் பூங்கோதை அதை ஆரம்பித்தாள். மொத்த அணியும் சீட்டைத் தட்டிக்கொண்டு சேர்ந்து பாடியது.

"கதவத் தட்டு, ஆளுள்ள."

ஜெனோவா எழுதியது, "கதவத் தட்ட ஆளில்ல."

"அப்படி இல்ல" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். பாட்டு நின்றது.

"பின்ன எப்படிக்கா?" என்றாள் பூங்கோதை. முன்சீட்டிலிருந்து கோச்சும் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதினோரு வருஷத்தில் பந்தில்லாமல் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல கோதை. சுதியக் கொஞ்சம் ஏத்திப் பாடலாம்னு சொன்னேன்."

அவளே எடுத்துக் கொடுத்தாள். "கதவத் தட்டு, ஆளுள்ள."

எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குரலை ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை.