பதினான்கு கோப்புகள்

மத்தியான வெயில் கணினி பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, கழற்றிப்போட்ட கீபோர்டுகள் மேல் விழுந்து கிடக்கிறது. மெக்கானிக் ஒரே ஒரு கட்டளையைத் தட்டுகிறார். இறந்தவரின் லேப்டாப்பிலுள்ள ஃபோல்டர்கள், அவற்றுக்குள் இருக்கும் ஃபோல்டர்கள், அவற்றுக்கும் உள்ளே இருப்பவை என்று பெயர்கள் கறுப்புத் திரையில் படிப்படியாக இறங்குகின்றன. “எதையும் கண்ணுல படுற மாதிரி வைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது தம்பி,” என்கிறாள் மனைவி. “எனக்கு ரெண்டு வரி எழுதாம உசிரை மாய்ச்சுக்கிட்டிருக்க மாட்டார்.” அவள் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்குகின்றன. லேப்டாப்பின் உள்விசிறி கரகரக்கிறது. ஒன்பதாவது அடுக்கில் பட்டியல் நிற்கிறது. ‘அவளுக்கு 1’, ‘அவளுக்கு 2’ என்று பதினான்கு கோப்புகள். கடைசிக் கோப்பின் தேதி, அவர் போன அன்று காலை. ஒவ்வொன்றின் எதிரிலும் அளவு பூஜ்யம். மெக்கானிக் திரையைத் தன் பக்கம் சற்றுத் திருப்பிக்கொள்கிறார். “எல்லாமே காலியா இருக்குக்கா. பேரு வச்சு சேவ் பண்ணியிருக்கார், உள்ள ஒரு எழுத்துகூட அடிக்கல.” அவள் தலை நிமிரவில்லை. “பரவால்ல. பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க.” கண் இமைப்பதற்குள் பதினான்கும் ஏறிவிடுகின்றன. மெக்கானிக் பென்டிரைவைப் பிடுங்காமல், இன்னும் ஏறிக்கொண்டிருப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.