எட்டாத ஸ்விட்ச்

காலை வெயில் கூடத்துச் சுவரில் விழுந்து புதுப் பெயின்ட்டில் பளபளக்கிறது. அதன் அடியில், நெஞ்சளவு உயரத்தில், போன வெள்ளம் விட்டுப்போன கறை மறைந்திருக்கிறது. முடிச்சூரில், ஆற்றிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கும் இந்த வீட்டை ஐப்பசி மழைக்கு முன்னால் விற்றாக வேண்டும். இன்னொரு முறை மகளைத் தூக்கிப் படகில் ஏற்ற ஸ்ரீவித்யாவுக்குத் தெம்பில்லை. வீடு பார்க்க வந்திருக்கும் சுப்ரஜாவுக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு வளையல்கள் இன்னும் கை நிறைய இருக்கின்றன. "மழைக்கு இங்க தண்ணி வருமாக்கா?" என்று கேட்கிறாள். "தெருவோட நின்னுடும்மா," என்று முந்திக்கொள்கிறார் ஸ்ரீவித்யாவின் கணவர் ராஜாராமன். வியர்வையைத் துடைத்தபடி ஃபேன் போடக் கையைத் தூக்குகிறாள் சுப்ரஜா. எட்டவில்லை. குதிகாலை உயர்த்துகிறாள், வளையல்கள் முழங்கைவரை சரிகின்றன. "ஏன்க்கா, ஸ்விட்ச் எல்லாம் இவ்ளோ மேல இருக்கு?" கறையை மறைத்தவர்களுக்கு, வெள்ளத்துக்குப் பயந்து தாங்களே மேலே ஏற்றிய ஸ்விட்ச் போர்டு நினைவுக்கே வரவில்லை. ராஜாராமன் எட்டி ஃபேனைப் போட்டுவிடுகிறார். "குழந்தைங்க கை வெச்சிடக் கூடாதுன்னுதான்," என்கிறாள் ஸ்ரீவித்யா. சுப்ரஜா வயிற்றைத் தடவிக்கொள்கிறாள். "அப்போ எங்களுக்கும் வசதியாப் போச்சு," என்று சிரிக்கிறாள்.