அடியில் ஒரு முனகல்

"வாயை மூடிட்டு ஓட்டுங்க சார். அது என்ன சொல்லுதுன்னு முதல்ல கேப்போம்."

பெரியவர் ஒரு அதட்டல் போட்டதும் சர்வேயர் கப்சிப். அந்தப் பழைய ஜீப் நாற்பதைத் தொட்டதுதான் தாமதம், அடியிலிருந்து 'உர்ர்ர்' என்று முனக ஆரம்பித்தது. பெரியவர் கண்ணை மூடி, காதைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டார்.

ஜீப் பட்டறை நடத்த ஆரம்பித்து முப்பது வருஷம். திரும்ப அதே மாதிரி சேர்க்க, கழற்றும்போது குறி போட்டுவைப்பதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு, எனக்குக் கண்ணும் காதும் போதும் என்பார். அந்த மிதப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

பின் சீட்டில் அவருடைய தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பட்டறை வாசலில் நின்றவளை, "பேசணும்னா வண்டியில ஏறு, எனக்கு நேரமில்லை" என்று ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா, மூட்டை தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பே போச்சு. நிமிர முடியல. பழையபடி உங்ககிட்டயே சேத்துக்குங்க. நான் இங்க வந்ததுகூட அவருக்குத் தெரியாது."

"கொஞ்சம் சும்மா இரும்மா. சார், நியூட்ரல் போடுங்க."

நியூட்ரலில் உருண்டபோதும் முனகல் நிற்கவில்லை. இன்ஜின் தப்பித்தது. நாலு சக்கரமும் இழுக்கிற அந்த ஜீப்பில், முன் சக்கரத்து லாக்குகளைத் திருகி விடுவித்துவிட்டு, இரண்டு சக்கர இழுப்பில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அதே பாட்டு. முன்பக்கமும் தப்பித்தது.

"ரெண்டு இடத்துல காட்டிட்டேன். ஒருத்தர் டயருங்கிறார், ஒருத்தர் பேரிங்குங்கிறார்" என்றார் சர்வேயர்.

"டயரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பின் சக்கரத்தைச் சுத்தவைக்கிற ஷாஃப்ட். வண்டியைத் திருப்புங்க."

கண்டுபிடித்த திருப்தியில் பெரியவருக்குப் பேச்சு வந்தது. அதுவும் தம்பி பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம், அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு லோடு ஜீப். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் திரும்புகிற, கிராஸ் என்கிற இரும்பை மேசையில் வைத்து மாற்றிக் கொடுத்தார் இவர். அதை வண்டிக்கடியில் படுத்து மாட்டியவன் தம்பி. பத்தாம் நாள் ஷாஃப்ட் உடைந்து, இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து, ஓட்டியவருக்கு ஒரு கால் போயிற்று.

"உடைஞ்சதை எடுத்துப் பாத்தா, ஷாஃப்ட் கோணலா சேந்திருக்கு. யார் மாட்டினதுன்னு ஊரே வாசல்ல நின்னு கத்துது. உன் புருஷன் வாயைத் திறந்தானா? ஒரு வார்த்தை? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். தப்பு செஞ்சவன் வேற எப்படி நிப்பான்?"

அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு அவனை நான் வெளியே தள்ளலேன்னா, எவன் என்னை நம்பி வண்டி விடுவான்? கூடப் பொறந்தவனா இருந்தா என்ன? அவன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்."

பட்டறைக்கு வந்ததும் ஜீப்பை, அடியில் இறங்கிப் பார்க்க வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொன்னார். டார்ச்சோடு கீழே இறங்கியவர் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான், துள்ளிக் குதிக்காத குறை.

"வாம்மா, நீயும் இறங்கி வந்து பாரு!"

அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

"இந்த ஷாஃப்ட் ரெண்டு துண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். சேக்கும்போது ரெண்டு முனையில இருக்கிற கவட்டையும் ஒரே நேரா நிக்கணும். இங்க பாரு, பல்லு தள்ளிச் சேத்திருக்கான் பாவி. அதான் இந்த முனகல். அச்சு அசல் உன் புருஷன் செஞ்ச வேலை. விட்டிருந்தா இன்னொருத்தன் காலும் போயிருக்கும்."

மேலே நின்ற சர்வேயரை நிமிர்ந்து பார்த்தார். "எந்த மடையன்கிட்ட குடுத்தீங்க சார் இதை? ஸ்பானரைக் கீழ வெச்சிட்டு அவனை வேற பொழப்பு பாக்கச் சொல்லுங்க."

சர்வேயர் தொண்டையைக் கனைத்தார்.

"நீங்க மறந்துட்டீங்கபோல. போன மாசம் என் டிரைவர் ஷாஃப்ட்டை மட்டும் கழட்டி, சாக்குல சுத்தி இங்கதான் எடுத்துட்டு வந்தான். நீங்கதானே கிராஸ் மாத்திக் குடுத்தீங்க?"

"வண்டியில மாட்டினது யாரு?" கேள்வி தானாகவே வந்து விழுந்தது.

"டிரைவர்தான். அவன் பிரிக்கவே இல்லீங்க. நீங்க குடுத்தது குடுத்தபடி ரெண்டு பக்கமும் போல்ட்டு போட்டான்."

டிரைவரைத் திட்ட வாயெடுத்த பெரியவர் ஷாஃப்ட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார். போல்ட்டு போடுகிறவனுக்கும் இந்தக் கோணலுக்கும் சம்பந்தமே இல்லை. கிராஸ் மாற்றும்போது இரண்டு துண்டையும் பிரித்துச் சேர்ப்பது மேசையில். மூன்று வருஷத்துக்கு முன்பும் மேசையில்தான் சேர்த்தார், இதே கையால்.

ஐயோ, ஒரு பாவமும் அறியாதவனை ஊர் முன்னால் பிடரியைப் பிடித்துத் தள்ளினோமே!

"அம்மாடி... தப்பு பண்ணினது நான்தான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவன்கிட்ட சொல்லுவேன்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும், மாமா."