காணாமல் போன ஐந்து ஆம்பியர்

அந்த ராணுவ முகாமில் எலெக்ட்ரீஷியனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆம்பியர் என்றால்தான் தெரியும். மாமனார் வீட்டு மின்விசிறி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று போன முதல் நாளே விசாரித்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷர். இந்தக் கதையையும் பிற்பாடு அவரேதான் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.

சமையல் கூடாரத்தில் ஆறு பெரிய டீசல் அடுப்புகள். காற்றை ஊதிவிடும் மோட்டாருக்கு மட்டும் கரண்ட் வேண்டும். அடுப்புக்கு ஒன்றரை ஆம்பியர், ஆறுக்கும் சேர்த்து ஒன்பது. மீட்டரோ பதினான்கு காட்டியது. சமையல் மும்முரத்தில் ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் நின்றுவிடும். அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுச் சிப்பாய்கள் ஆம்பியரைப் பார்வையாலேயே சுட்டார்கள். இன்னொரு வேளை சாப்பாடு கெட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

"ஜெனரேட்டருக்கு வயசாயிடுச்சு சார். பட்டறைக்கு அனுப்பிடுங்க" என்று ஆம்பியரிடம் சொன்னார் சமையல் மாஸ்டர்.

ஆம்பியர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். கணக்கு பொய் சொல்லாது. ஐந்து ஆம்பியரை எவனோ திருடுகிறான். வாயில்லாத ஜெனரேட்டர் மேல் பழியைப் போடுகிறவனை விட்டுவிட்டு வேறு யாரைச் சந்தேகப்படுவது? அதோடு, முகாமே கசங்கிப்போய்த் திரியும்போது மாஸ்டரின் சட்டையில் மட்டும் மடிப்பு கலைவதில்லை.

மறுநாள் காலை சமையல் நடக்கும்போதே கூடாரத்தின் பின்பக்கம் தவழ்ந்தார். மண்ணுக்குள் ஒரு ஒயர் ஓடியது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வேலியைத் தாண்டி, ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது. அங்கே ஒரு கல்லின் மேல் இஸ்திரிப் பெட்டி! சூடாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். இருந்தது.

கொப்புளித்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஒயரைப் பிடுங்கி, பெட்டியோடு திரும்பினார். மாஸ்டர் அசரவில்லை. துணியை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுப்பதுதான் தன் இஸ்திரி என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை வெட்டப் போய்விட்டார். நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டார் ஆம்பியர்.

வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் பட்டறை லாரி நின்றது. அடிக்கடி நின்றுபோகிறதாமே, கழற்றிக்கொண்டு போய்ச் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு, மதியச் சமையலுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம் என்றார்கள் வந்திருந்த இருவர். மாஸ்டர் முந்திக்கொண்டார் என்று ஆம்பியருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு விதத்தில் நல்லதுதான். பட்டறைக்காரனே பழுதில்லை என்று சொல்லிவிட்டால் மாஸ்டர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? தாராளமாக எடுத்துப் போகச் சொல்லி லாரியை அனுப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேப்டன் கூடாரத்துக்கு நடந்தார்.

மேஜை மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியைக் கேப்டன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்துல துணி ஏதாவது கிடந்துச்சா?"

"இல்ல சார்."

"ஆள்?"

"யாரும் இல்ல சார். பெட்டி மட்டும் சும்மா காஞ்சிட்டிருந்துச்சு."

"துணியில்லாம எவன்யா இஸ்திரி போடுவான்? ஜெனரேட்டரை நிக்க வைக்கணும்னே வச்ச மாதிரி இருக்கு." கேப்டன் காதைத் தீட்டிக்கொண்டார். "ஆமா, ஏன் சத்தத்தையே காணோம்?"

பட்டறை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போன விவரத்தை ஆம்பியர் சொன்னார். கேப்டன் பட்டறைக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெல்ல வைத்தார்.

"பட்டறைக்கு யாரும் சொல்லவே இல்லையாம். அங்கேருந்து இன்னிக்கு லாரி எதுவும் கிளம்பலையாம்."



லாரி கிளம்பும்போது, "இதுல ஒரு பழுதும் கிடையாது, இன்னும் பத்து வருஷம் உழைக்கும்" என்று அந்த இருவருக்கும் உத்தரவாதம் கொடுத்து அனுப்பியதை அவர் கேப்டனிடம் சொல்லவில்லை.